கடனும் பாவமும்: ஒரு மன்றாட்டின் சமுதாயப் பின்னணி

மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு கற்பிக்கும் மன்றாட்டு, கடன்களை மன்னிக்குமாறு இறைவனை வேண்டுகின்றது. அதே மன்றாட்டினைத் தரும் லூக்கா, அவ்விடத்திற் 'பாவங்கள்' என்கிறார். ஆயினும் அடுத்த தொடரிலேயே கடன்பட்டோரைக் குறிப்பிடுகின்றார். இதனை வெறும் சொல்வேறுபாடெனக் கொள்ளலாமா?

இயேசு பேசிய அரமேய மொழியிலே 'ஹோபா' என்னும் சொல் கடன், பாவம் ஆகிய இரண்டையும் குறித்தது. யூதரின் சட்டமரபிலும் இவ்விரண்டும் வேறுபட்டு நிற்கவில்லை. ஏழாண்டுக்கொருமுறை தம்மினத்தவரின் கடன்களை விடுவிக்க வேண்டுமென்பது உபாகமத்தின் பதினைந்தாம் அதிகாரம் கூறும் விதியாகும். விடுதலை ஆண்டு அண்மிக்கையில் வறியவனுக்குக் கடன்கொடுக்க மறுப்பதை அது பாவமென்றே கண்டிக்கின்றது.

எனினும், விதிக்கும் வாழ்க்கைக்குமிடையே முரண்பாடு தோன்றியது. கடன் கொடுப்போர் பின்வாங்கினர். எனவேதான், பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துக் கடனைக் காத்துக்கொள்ளும் 'புரோஸ்புல்' என்னும் ஏற்பாட்டினை ஹில்லேல் வகுத்தார் என மிஷ்னா கூறும். இதனைச் செல்வர்க்கு வாய்த்த சூழ்ச்சியென எளிதிற் கூறிவிடலாகாது. வறியோருக்குக் கடன் கிடைக்காது போவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆயினும், கடன்பட்டோன் விடுதலையை இழந்தான். யூதேயப் பாலைவனத்து முரப்பாத் குகைகளிற் கிடைத்த, கி.பி. 55-56ஆம் ஆண்டுக்குரிய கடன் பத்திரமொன்று, விடுதலை ஆண்டாயினும் கடனைத் தீர்ப்பதாக உறுதி கூறுகின்றது. கி.பி. 66இல் யெருசலேமிற் கிளர்ந்தெழுந்தோர் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் களரிக்குத் தீயிட்டனர். கடன்பட்டோரைத் தம்பக்கம் ஈர்ப்பதே அவர்தம் நோக்கமென வரலாற்றாசிரியர் யொசீபஸ் எழுதுகின்றார்.

ஹில்லேலின் ஏற்பாட்டுக்கும் இத்தீக்குமிடைப்பட்ட காலத்திலேயே அம்மன்றாட்டு ஒலித்தது. அதனை முதலிற் கேட்ட கலிலேய உழவனுக்கும் மீனவனுக்கும் கடன் என்பது உருவகம் மட்டுமன்று. நிலத்தையும் பிள்ளைகளையும் இழக்கச் செய்யக்கூடிய நடைமுறை உண்மையுமாகும்.

அச்சொல்லைத் தனிமனித உள்ளத்தின் குற்றவுணர்வாக மட்டும் சுருக்குவோர், அதனை ஈன்ற சமுதாயத்தை மறந்தவராவர். மறுபுறம், அதனைப் பொருளாதாரக் கோரிக்கையாக மட்டுமே காணும் எம்மிற் சிலர், அம்மக்கள் தம் நீதியுணர்வை இறைமொழியிலேயே வெளியிட்டனர் என்பதை மறந்தவராவோம். யூதப் பண்பாட்டின் பின்னணியில் வைத்து நோக்கும்போதே அவ்விரு பொருளும் ஒருசேரப் புலப்படுகின்றன.