பெயர் சொன்ன குற்றம்

1950ஆம் ஆண்டு தமிழ்த் திரையரங்குகளுக்கு இரண்டு லைலாக்கள் வந்தார்கள். ஒரு படத்தில் எம்.வி.ராஜம்மா லைலா, அவளுக்காகப் பித்தாகி அலைந்தவர் டி.ஆர்.மகாலிங்கம். இன்னொன்று அதற்கு முந்தைய ஆண்டு தெலுங்கில் வெளியான படத்தின் தமிழ் வடிவம். அதில் பானுமதியும் நாகேஸ்வர ராவும். ஆறு ஆண்டு கழித்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வண்ணத்தில் எடுத்தது. தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நம் பாட்டிமார் பார்த்த அரபுநாடு பெரும்பாலும் ஸ்டூடியோ மணலிலும் திரைச்சீலையிலும் ஆனது.

காதலுக்குக் குடும்பம் குறுக்கே நிற்கும் கதையைச் சொல்ல அந்தத் திரைச்சீலை வசதியாக இருந்தது. லைலாவின் அப்பாவுக்குக் குலம் உண்டு, நமக்குத் தெரிந்த சாதி கிடையாது. எனவே கொட்டகையில் இருந்த எல்லோரும் நிம்மதியாக அழ முடிந்தது. தன் மகளை அடைத்து வைத்துவிட்டு வந்தவரும் அழுதிருப்பார்.

அந்தக் கதையின் பழைய அரபு வடிவங்களில் ஒரு செய்தி இருக்கிறது. கைஸ் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்று சொல்லப்படுகிற கவிஞன். நஜ்து நிலப்பகுதியின் ஆமிர் குலத்தவன். லைலாவும் அதே குலம்தான். அவன் ஏழையும் இல்லை, வேற்று மதத்தவனும் இல்லை. பிறகு ஏன் பெண் தர மறுத்தார்கள்? அவன் லைலாவின் பெயரைச் சொல்லிக் கவிதை பாடிவிட்டான். அது வாய்வழியாகக் கூடாரம் கூடாரமாகப் பரவியது. ஊரறியப் பாடப்பட்ட பெண்ணைப் பாடியவனுக்கே கொடுத்தால், பேசப்பட்டதெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் லைலாவை வேறொருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவன் மஜ்னூன், அதாவது பித்தன், ஆனான். பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் தொகுத்த ‘பாடல்களின் நூல்’ இவனைப் பற்றிய கதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. 1188இல் நிஜாமி பாரசீகத்தில் பெருங்காவியமாகச் செய்தார். நம் திரைப்படங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்த நிஜாமி வழிக் கதை. அதில் பெயரின் குற்றம் மங்கி, பித்தின் அழகு மேலே வந்துவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகப் படக்கூடாது. அகப்பாட்டில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. அதைப் பொதுமைப்படுத்தும் கலைநுட்பம் என்றே வகுப்பறைகளில் விளக்குகிறோம். அது சரிதான், ஆனால் பாதி. பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதும் அந்த மரபுக்கு நன்றாகவே தெரியும். அலர் என்று ஒரு துறை; ஊர்ப்பெண்கள் வாயில் பெயர் அடிபடுவது. அலர் எழுந்ததும் இற்செறிப்பு. பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது. இரண்டாயிரம் ஆண்டாக நாம் துறைப்பெயர் சொல்லி மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும் இந்தச் சொல்லுக்கு, கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக் கல்லூரியை நிறுத்துவது என்று பொருள் சொன்னால் மாணவிகளுக்கு உடனே புரிகிறது.

மடலேறுதல் இன்னும் வெளிப்படையானது. பெண் கிடைக்காத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, தலைவியின் உருவம் எழுதிய கிழியைக் கையில் ஏந்தித் தெருவில் வருவான். அல்லது வருவேன் என்று மிரட்டுவான். ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு குடும்பம் வேறு வழியின்றிப் பெண்ணைக் கொடுக்கும். கைஸ் செய்ததும் இதேதான். அவனிடம் பனைமடல் இல்லை, கவிதை இருந்தது. இங்கே அந்தச் செயல் திருமணத்தில் முடியும் வாய்ப்பு உண்டு, அங்கே திருமணத்தைத் தடுத்தது. இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றே. பெண்ணின் பெயர் குடும்பத்தின் சொத்து. அது தெருவில் விழுந்தால் அப்பனும் அண்ணனும் கூடி ஒரு முடிவெடுக்க வேண்டும். மடலைக் காதலின் உச்சம் என்று உரை எழுதியவர்கள், கிழியில் எழுதப்பட்டவளிடம் கேட்டார்களா என்று பார்க்கவில்லை. பெண் மடலேறக் கூடாது என்ற விதியை மட்டும் மறக்காமல் எழுதி வைத்தார்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது, அது எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி செய்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. தகடூர் அதியமானைப் பாடிய ஔவையின் பெயரில் அகநானூற்றில் ஒரு பாட்டு, 147ஆம் எண். அதில் பேசும் பெண், பிரிந்துபோனவனைத் தேடிப் புறப்பட நினைக்கையில் வெள்ளிவீதியாரைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்கிறாள். வெள்ளிவீதியும் கவிஞர், தன் வேட்கையை மறைக்காமல் பாடியவர். ஒருத்தி இன்னொருத்தியின் பெயரை அலராக இல்லாமல் துணையாக எடுத்துக்கொள்கிறாள்.

எகிப்தின் அஹ்மத் ஷவ்கி 1931இல் இந்தக் கதையைக் கவிதை நாடகமாக்கினார். அவர் செய்த ஒரு மாற்றம் என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. அவருடைய நாடகத்தில் லைலாவின் தந்தை கொடியவர் இல்லை. மகளைக் கூப்பிட்டு, யார் வேண்டும், நீயே சொல் என்கிறார். லைலா கைஸை விரும்புகிறாள். ஆனால் அவன் வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறாள். ஊர்ப்பேச்சு, தந்தையின் தலைகுனிவு எல்லாம் அவள் தொண்டையில் ஏறி நிற்கின்றன. மானம் வாள் எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. விருப்பத்தைக் கேட்டாயிற்று, அவளே சொன்னாள் என்று எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

இந்த நாடகத்தை நினைக்காமல் 2013 ஜூலை மாதத்தைப் பற்றி என்னால் பேச முடியாது. தர்மபுரியை அடுத்த நத்தம் காலனியைச் சேர்ந்த தலித் இளைஞர் இளவரசனும் வன்னியர் சாதிப் பெண் ஒருவரும் 2012இல் மணந்துகொண்டார்கள். நவம்பர் 7 அன்று பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று மாலையே கும்பல் திரண்டு நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தியது. காதலித்தவர்கள் இரண்டு பேர். எரிந்தவை மூன்று ஊர்கள். பெண் ஒருத்தியின் பெயரால் இழந்ததாகச் சொல்லப்பட்ட மானம், தலித்துகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பீரோ, டிவி, இருசக்கர வண்டி, சான்றிதழ் ஆகியவற்றின் மேல்தான் இறங்கியது. மானத்தின் அடியில் கிடந்தது பொறாமை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எரிந்த பொருட்களின் பட்டியலைப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்ல முடியாது.

மகளைத் தேடித் தாய் தொடுத்த ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தது. இளவரசனோடு வாழ்ந்துகொண்டிருந்த அவர் பின்னர் தாயிடம் திரும்பினார். 2013 ஜூலை 3 அன்று, இனி கணவரோடு சேர மாட்டேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். மறுநாள் தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரியின் பின்புறம் ரயில் பாதையோரம் இளவரசனின் உடல் கிடந்தது. தற்கொலை என்று விசாரணையில் சொல்லப்பட்டது. ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்த எட்டு மாதம் அது தொலைக்காட்சியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலித்தது என்று அந்நாட்களில் இங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். டீக்கடையில், பேருந்தில், மேடையில் எல்லாம் மடல்கிழி போல அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு பக்கத்தார் ஓடிப்போனவள் என்றார்கள். இன்னொரு பக்கத்தார், நம்மவர்களும்தான், கைவிட்டவள் என்றார்கள். நீ சொல் என்று நீதிமன்றமும் ஊடகமும் கேட்டபோது அவருக்குப் பின்னால் ஒரு தந்தையின் பிணமும் மூன்று ஊர்களின் சாம்பலும் இருந்தன. அந்த நிலையில் சொல்லப்பட்டதைத் தேர்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. துரோகம் என்று அழைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவு வெளிச்சம் இல்லாத சாவுகள்தான் அதிகம். எகிப்தில் 1959இல் ஹென்றி பரகாத் எடுத்த ஒரு படம், தாஹா ஹுசைனின் நாவலைத் தழுவியது. ஃபாத்தன் ஹமாமா நடித்த ஆம்னாவின் அக்காள் ஹனாதி, வேலை பார்த்த வீட்டு எஞ்சினியரிடம் தன்னை இழக்கிறாள். ஊருக்குத் திரும்பும் வழியில் தாய்மாமனே அவளைக் கொல்கிறான். கேட்டவர்களுக்கு நோயில் போய்விட்டாள் என்று சொல்லப்படுகிறது. நம் நாளிதழ்களில் இளம்பெண்களுக்கு வரும் தீராத வயிற்றுவலி உங்களுக்கு நினைவு வரும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆணவக்கொலையைத் தனிக் காரணமாக எண்ணத் தொடங்கியதே 2014இல்தான். வயிற்றுவலிக்காரிகள் அந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் நஞ்சு ஊற்றி எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. கண்ணகியைப் பொறுத்தவரை குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் அவள் அண்ணனும் ஒருவன். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அவர் தன் பெயரைத் தானே ஊரறியச் சொன்னவர். அதற்காக அவர் வாங்கிய வசவுகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன.

நம் சினிமா 2004இல் ‘காதல்’ படத்தில் மஜ்னூனை மீண்டும் கண்டெடுத்தது. இந்த முறை மதுரை மெக்கானிக்காக. அவன் பித்தாகித் தெருவில் அலைகிறான், அவள் வேறொருவனின் மனைவியாகக் குழந்தையோடு வருகிறாள். நல்ல படம். ஆனால் இங்கேயும் பித்து ஆணுக்குத்தான். பித்தாவதற்கும் கொஞ்சம் சுதந்திரம் வேண்டும். லைலாக்களுக்கு மறுநாள் சமையல் இருக்கிறது.

மடலேறுதல் நடத்திய ஒரு வகுப்பில், சித்தேரி மலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்க மலையில ஓடிப்போனா தெண்டம் கட்டுவாங்க மேடம், வெட்ட மாட்டாங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சித்தேரியில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. மாப்பிள்ளை வீட்டார் பரிசம் தரும் வழக்கம் அங்கே இருந்தது. பிரிவதும், மறுமணம் செய்வதும், கைம்பெண் மீண்டும் மணப்பதும் ஊர்ப்பெரியவர்கள் உட்கார்ந்து தீர்க்கும் காரியங்கள். பெண் அங்கேயும் பரிசத்தோடு கைமாறுகிறவள்தான். ஆனால் அவள் போக்கு நெல்லாலும் பணத்தாலும் சரிசெய்யக்கூடிய ஒரு வழக்கு, இரத்தத்தால் கழுவ வேண்டிய கறை இல்லை. இதைச் சொர்க்கம் ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அதே மாணவி அடுத்த வரியில், “வேற ஆளைக் கட்டுனா ஊர்ல சேக்க மாட்டாங்க” என்றும் சொன்னாள். பதினெட்டு ஆகும் முன்பே பெண்ணைக் கட்டிக்கொடுப்பது அந்த மலையில் இன்னும் ஓயவில்லை. கீழே நிலமும் சீரும் சாதிக்கட்சியும் சேர்ந்து மானத்தின் விலையை ஏற்றியிருக்கின்றன. மலையில் அவ்வளவு ஏற வழியில்லாமல் இருந்தது, அவ்வளவே.

பெண்ணின் உடம்பில் மானம் ஏறி உட்காரும் இன்னொரு இடம் வன்கொடுமை. அங்கே குடும்பங்கள் முதலில் செய்வது வாயைப் பொத்துவது. சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் நுழைந்து, வீடுகளை நொறுக்கி, கிணற்றைப் பாழாக்கி, பதினெட்டுப் பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அந்தப் பெண்கள் வாய்திறந்தார்கள். பழங்குடி மக்கள் சங்கம் துணை நின்றது. பத்தொன்பது ஆண்டு வழக்கில் அலைந்து, சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணையில் நின்றார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்தப் பதினெட்டுப் பேரின் பெயரைச் சட்டம் மறைத்து வைக்கிறது. ஊரின் பெயரை அவர்கள் மறைக்கவில்லை. மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொல்லும் முன் நீதிபதி 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கு நேரில் வந்தபோது, முப்பது ஆண்டு முன்பு நடந்ததை நடந்த இடத்திலேயே சொல்ல அங்கே பெண்கள் காத்திருந்தார்கள்.