கடல் கடந்த ஊர்

குரும்பலூரைச் சுற்றியுள்ள நிலம் வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இம்மண்ணில், மழை பொய்த்துவிட்டால் பிழைப்புக்கு வழி வெளியூர். அங்கும் கிட்டாவிடில் வெளிநாடு. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்று உழைப்போர் பலர். அவர்கள் அனுப்பும் பணத்தை நாம் அறிவோம். அந்நிய மண்ணில் அவர்கள் ஒன்றுகூடி அமைக்கும் சங்கங்களைப் பற்றி அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரை விட்டுச் சென்றவர்கள் ஏன் ஊரின் பெயரால் சங்கம் கூட்டுகிறார்கள்? தம் மொழியையும் பண்பாட்டையும் காக்கவா? நலிந்தோருக்கு உதவவா? இவ்விரண்டும் வெவ்வேறு பணிகளா, ஒரே பணியின் இரு முகங்களா? வரலாற்றில் சில ஏடுகளைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில் தென்காசிச் சீமையின் கடையநல்லூரைப் பார்ப்போம். அங்கு வாழ்ந்த இசுலாமியருள் பெரும்பாலோர் நெசவாளர்கள். தறியை நம்பிய பிழைப்பு தளர்ந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றனர். அக்காலத்தில் கடல் கடந்த தமிழருள் ஆடவரே மிகுதி. மனைவி மக்களை ஊரில் விட்டுச் செல்வதே வழக்கம். கடையநல்லூராரும் தென்காசியாரும் குடும்பத்தோடு சென்றனர். ஆடவர் துறைமுகத்தை அண்டி உழைத்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பச் சுமையில் பங்கேற்றனர். குடும்பம் சென்ற இடத்தில் குழந்தைகள் இருப்பார்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில், இவர்கள் எந்த மொழியில் வளர்வார்கள் என்னும் கேள்வியும் எழும். தனித்துச் சென்ற ஆடவர்க்கு ஊர் என்பது திரும்பிச் செல்ல வேண்டிய இடம். குடும்பத்தோடு சென்றவர்க்கோ அது பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய பாடமாகிவிடுகிறது.

தென்காசி முசுலிம் நலச் சங்கம் சிங்கப்பூரில் 1939-இல் தோன்றியது. 1941-இல் கடையநல்லூர் முசுலிம் லீக் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சப்பானியப் படை அத்தீவைக் கைப்பற்றியது. மூன்றரை ஆண்டுக்காலப் பசியும் அச்சமும் 1945-இல் நீங்கின. போரின் புண்கள் ஆறுமுன்னரே, 1946-இல், அச்சங்கத்தார் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். உடைந்த வாழ்வை ஒட்டவைத்துக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர் சமூகம், முதற்கடமைகளுள் ஒன்றாகப் பள்ளியைக் கருதியது. அப்பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அத்தீவில் தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு இருந்த ஒரே பள்ளி அதுவே. ஆதலால் அதன் வாயில் ஓர் ஊராருக்கு மட்டும் உரியதாய் இருக்க இயலவில்லை.

அப்பள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் நம் கவனத்துக்குரியது. தங்கள் ஊரின் பெயரையோ செல்வர் ஒருவரின் பெயரையோ சூட்டாமல், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைச் சூட்டினர். தம் சமயத்தின் நபிபெருமானைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடியவர் அவர். அவருக்கு ஒரு தலைமுறை பிந்தியவர் நம் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலி நாட்டின் காசுதிலியோனேயில் பிறந்த அவர், கடல் கடந்து வந்து, அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் திருத்தலத்தை வளர்த்து, தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தையும் நமக்குத் தந்தார். பின்னர் அவர் தாய்நாடு திரும்பவில்லை. ஒருவர் தமிழ் மண்ணில் பிறந்து தம் சமயத்தைத் தமிழாக்கினார். மற்றவர் அயல் மண்ணில் பிறந்து தம்மையே தமிழாக்கிக்கொண்டார். மொழி என்பது உறவின் வீடு என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

சிங்கப்பூரிலேயே நம் திருச்சபையின் வரலாறும் ஒன்று உண்டு. அங்குக் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கர் தொடக்கத்தில் சீனக் கத்தோலிக்கரோடு புனித பேதுரு பவுல் ஆலயத்தைப் பகிர்ந்துகொண்டனர். பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் அருள்தந்தை மெனெவ்ரியே முன்னின்று உழைக்க, 1886-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1888-இல் லூர்து அன்னை ஆலயம் தமிழருக்கென எழுந்தது. தாய்மொழியில் அறிக்கையிடவும் மறைக்கல்வி பெறவும் அவர்களுக்கு ஓர் இல்லம் கிடைத்தது. 1974-இல் அது எல்லா இனத்தாருக்கும் உரிய பங்காயிற்று. தமிழ்த் திருப்பலியும் அங்குத் தொடர்கிறது. தமக்கென எழுந்த வீட்டின் கதவைப் பிறருக்கும் திறந்துவிட்டுத் தாமும் உள்ளே தமிழராகவே இருக்க முடியும் என்பதற்கு அவ்வாலயம் சான்று.

இது தமிழருக்கு மட்டும் உரிய இயல்பன்று. ஆப்பிரிக்காவின் நைசீரிய நாட்டுத் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களை நோக்குவோம். 1885-இல் தூய ஆவி சபைக் குருக்கள் ஒனிட்சா நகரில் பணி தொடங்கியபின் அம்மக்களுள் மிகப் பலர் கத்தோலிக்கராயினர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்கள் வேலை தேடி லேகோசு, கானோ முதலிய தொலைநகரங்களுக்குச் சென்றனர். சென்ற இடமெல்லாம் ஊர்ச் சங்கம் அமைத்தனர். உறுப்பினர் தரும் சிறு தொகைகளைத் திரட்டி, பிறந்த ஊரில் பள்ளி கட்டினர், சாலை அமைத்தனர், அறிவுடைய மாணவனை உயர்கல்விக்கு அனுப்பினர், நகரில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டு சேர்த்தனர். 1944-இல் இச்சங்கங்கள் ஒரு பேரமைப்பாக இணைந்தன. அவ்வமைப்பு 1966-இல் இராணுவ அரசால் தடைசெய்யப்பட்டது.

அதே ஆண்டு நைசீரியாவின் வடபகுதியில் இக்போ மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். எஞ்சியோர் தம் மண்ணுக்கு ஓடி வந்தனர். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ராப் போரில் பட்டினியால் மடிந்த குழந்தைகள் எண்ணிறந்தோர். அந்நாளில் கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாசும் பிற கிறித்தவச் சபைகளும் கைகோத்து, இரவு நேரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வானூர்திகளில் உணவும் மருந்தும் கொண்டு சென்றன. போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு சேமித்திருந்தாலும் இருபது பவுண்டே திரும்பக் கிடைத்தது. அந்தச் சாம்பலிலிருந்து ஊர்ச் சங்கங்கள் மீண்டும் எழுந்தன. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இக்போ சங்கங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்து, புதுக்கிழங்குத் திருநாள் கொண்டாடி, ஊரின் மருத்துவமனைக்கும் மாணவர்க்கும் உதவுகின்றன. நகரங்களில் வாழும் பெண்கள் ஆண்டுதோறும் ஆகத்து மாதத்தில் பிறந்த, புகுந்த ஊர்களுக்குத் திரும்பி, ஊரின் தேவைகளை ஆராய்ந்து பொறுப்பேற்கும் மரபும் அவர்களிடம் உண்டு.

அம்மக்கள் தம்மவரை மறவாமைக்கு ஓர் அருட்சான்றும் உண்டு. இக்போ குருவாகிய சிப்ரியான் மைக்கேல் தான்சி இங்கிலாந்துத் துறவுமடம் ஒன்றில் வாழ்ந்து, 1964-இல் இறந்தார். 1986-இல் அவருடைய உடல் எச்சங்கள் ஒனிட்சாவுக்குக் கொண்டுவரப்பட்டன. 1998-இல் இரண்டாம் யோவான் பவுல் அந்நாட்டுக்கே சென்று அவரை அருளாளராக அறிவித்தார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கடையநல்லூரார் கட்டிய பள்ளி நிலைக்கவில்லை. ஆங்கிலக் கல்வியே வேலைக்கு வழி என்ற நிலை வந்தபோது மாணவர் தொகை குறைந்தது. 1982-இல் பள்ளி மூடப்பட்டது. அப்படியாயின் அவ்வுழைப்பு வீணா? அன்று. 1983-இல் சிங்கப்பூர் அரசு தொடங்கிய தமிழ்மொழி நிலையம் உமறுப்புலவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஓர் ஊராரின் கைப்பொருளில் முளைத்த பெயர், ஒரு நாட்டின் பொறுப்பில் தொடர்கிறது. கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் கூறியது நிறுவனங்களுக்கும் பொருந்தும் போலும்.

இவ்வரலாறுகளில் பண்பாடும் அறமும் பிரிந்து நிற்கக் காண்கிலோம். பிள்ளைக்கு எழுத்தறிவித்ததும், பிணத்தை ஊர் சேர்த்ததும், பசித்தவனுக்குச் சோறிட்டதுமே அம்மக்களின் பண்பாட்டைக் காத்தன. விழாவும் ஆடலும் பாடலும் அவ்வன்பின் மீது மலர்ந்த பூக்கள். ஆகவே அயல்நாட்டிலுள்ள நம் மக்களிடம் திருவிழாவுக்கும் கோபுரத்துக்கும் நன்கொடை கேட்கும்போது, படிப்பை நிறுத்திய பிள்ளைக்கும் மருந்துக்கு வழியற்ற முதியவருக்கும் சேர்த்துக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மற்றொரு கடமை நம் வாசலிலேயே நிற்கிறது. ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் இன்று தமிழகமெங்கும் கட்டடம் எழுப்புகின்றனர், ஆலைகளில் உழைக்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கப் பழங்குடியினரும் உளர். பாபிலோனில் சிறைப்பட்டோர்க்கு எழுதிய மடலில், குடியேறிய நகரின் நலனுக்காக மன்றாடுமாறு எரேமியா அறிவுறுத்தினார். அவ்வாறு மன்றாட வருவோர்க்குக் கோவிலில் ஓர் இடமும், அவர்கள் மொழியில் ஒரு திருப்பலியும், நோயுற்றால் ஒரு துணையும் நம் பங்குகள் தருகின்றனவா? கடல் கடந்த நம் பிள்ளைகளுக்கு எவரேனும் கதவு திறக்க வேண்டும் என்று நாள்தோறும் செபமாலை சொல்லும் நாம், நம் கதவைத் தட்டுவோரை முதலில் எண்ணிப் பார்ப்போமாக.