செங்கோட்டைக் குரல்: கிட்டப்பாவின் மூன்று நிமிடங்கள்

எஸ். ஜி. கிட்டப்பா என்றதும் இன்று பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஒரு கதைதான். கொழும்பு நாடக மேடையில் கொடுமுடி சுந்தராம்பாளைச் சந்தித்தது, 1927இல் நடந்த திருமணம், 1933 டிசம்பர் 2ஆம் நாள் தம் இருபத்தேழாம் வயதில் அவர் மறைந்தது, அதன்பின் கே. பி. சுந்தராம்பாள் வாழ்நாள் முழுதும் உடுத்திய வெண்ணிற ஆடை. கதை உண்மையானது, உருக்கமானதும் கூட. ஆனால் அந்த உருக்கமே குரலுக்குத் திரையாகிவிட்டதோ என்பது எங்கள் ஐயம். அண்மையில் பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடி, கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளை ஒரு மாலை முழுதும் கேட்டோம். அப்போது தோன்றியவற்றை இங்கே தொகுத்துச் சொல்ல விழைகிறோம்.

முதலில் ஊரைப் பற்றி. 1906இல் கிட்டப்பா பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1இல் அது நெல்லை மாவட்டத்தோடு இணைந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அரசாங்க எல்லைகள் எப்படி மாறினாலும் தண்ணீரின் வழி மாறவில்லை. அந்த மலைப்பக்கத்து நீர் சிற்றாற்றோடு கலந்து, முக்கூடற்பள்ளு பாடப்பட்ட சீவலப்பேரியில் தாமிரபரணியை அடைகிறது. பாட்டும் அவ்வாறே ஓடியது. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியராகக் கொண்டாடப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பழைய நெல்லைச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவருடைய சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்ற பிள்ளைகளுள் கிட்டப்பாவும் ஒருவர். பாடசாலைக்குப் போகும் வயதில் மேடை ஏறிய சிறுவனுக்கு மேடையே பாடசாலையாயிற்று.

அந்த மேடையின் இயல்பை நினைவில் கொள்ளாமல் இசைத்தட்டுகளை மதிப்பிட இயலாது. நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசியில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் போய்ச்சேர வேண்டும். உச்ச சுருதியில் பாடுவது அன்று ஆடம்பரமன்று. தொழிலின் அடிப்படைத் தேவை. கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் அதே பாட்டை மறுபடியும், வேறு சங்கதிகளோடு பாடியாக வேண்டும். இவ்வளவு பரந்த கலையை, ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது மூன்றரை நிமிடமே கொள்ளும் 78 சுற்று அரக்குத்தட்டில் அடைக்க வேண்டியிருந்தது.

அவர் தட்டில் கொடுத்த பாடல்களில் பல, அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தவை. தியாகராஜரின் ‘எவரனி’, அருணாசலக் கவிராயரின் ‘அந்த ராம சௌந்தர்யம்’, வள்ளலாரின் ‘கோடையிலே’. இரண்டு நூற்றாண்டுகளை, இரண்டு மொழிகளைச் சேர்ந்த சாகித்தியங்கள். இவற்றை அவர் புதிதாகக் கண்டெடுக்கவில்லை. தெரிந்த பாட்டை, கேட்பவன் முதன்முறையாகக் கேட்பதுபோல உணரச் செய்தார். எங்கள் மதிப்பில் அவருடைய சாதனை இதுதான்.

‘எவரனி’யை எடுத்துக்கொள்வோம். தேவாமிர்தவர்ஷிணி ராகம். உன்னை மக்கள் யாரென்று முடிவு செய்தார்கள், சிவனென்றா, மாதவனென்றா, பிரமனென்றா, பரம்பொருளென்றா என்று தியாகராஜர் இராமனைக் கேட்கிறார். பின்பு, சிவ மந்திரத்துக்கு உயிரான ‘ம’வையும் மாதவ மந்திரத்துக்கு உயிரான ‘ரா’வையும் சேர்த்து ‘ராம’ என்று அறிந்தவர்களை வணங்குகிறார். தெலுங்கு அறியாத கொட்டகை ரசிகனுக்கு இந்த வாதம் எப்படிப் புரிந்திருக்கும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். சங்கரன்கோவிலில் ஒரே திருமேனியில் அரனையும் அரியையும் கண்டு, ஆடித்தபசுக்குக் கூடும் சீமைக்காரனுக்கு அந்தக் கேள்வி அந்நியமாக இருந்திருக்காது என்று மற்றொருவர் பதில் சொன்னார். கிட்டப்பா அக்கேள்வியைக் கேள்வியாகவே பாடுகிறார். குரல் மேல் ஸ்தாயிக்குப் பாய்ந்து, பிருகாக்கள் மணிமணியாக உதிரும்போதும் கேட்கும் தொனி கலைவதில்லை. மொழி தெரியாதவனுக்கும் ஒருவர் யாரையோ வழிமறித்துக் கேட்கிறார் என்பது விளங்கிவிடுகிறது. அது நடிகனின் இசை.

‘கோடையிலே’ இதற்கு நேர்மாறானது. திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் வரும் அப்பாடலில் வாதம் ஏதுமில்லை. கோடையில் களைத்தவனுக்குக் கிடைத்த மரம், மரத்தின் நிழல், அந்நிழலில் கனிந்த கனி என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வரும் விளிகளின் தொடர். விருத்தமாகப் பாடும்போது தாளக் கட்டு இல்லை. பாடகர் நினைத்த இடத்தில் நிற்கலாம், ஓடலாம். இந்த உரிமை கிடைத்தவுடன் சொல்லை விழுங்கி ராகத்தை மட்டும் நீட்டுவோர் உண்டு. கிட்டப்பா ஒவ்வொரு விளியையும் முழுதாக உச்சரித்து, அது நம் மனத்தில் இறங்கிய பிறகே அடுத்ததற்கு நகர்கிறார். வித்தை காட்டுவதற்கு இவ்வளவு இடமிருந்தும் சொல்லை முன்னால் விட்டுத் தாம் பின்னால் வருகிறார். பிற்காலத் தமிழிசை இயக்கம் வலியுறுத்திய சொற்றெளிவை, 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே மறைந்துவிட்ட ஒரு நாடகக்காரர் எளிதாகச் செய்து காட்டியிருக்கிறார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தட்டின் நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அவசரம் சில பதிவுகளில் தெரிகிறது. கீர்த்தனையின் ஒரு பகுதி நிதானமாகத் தொடங்கி, முடிவில் யாரோ துரத்துவதுபோல ஓடுகிறது. கச்சேரி மரபில் ஊறிய செவிகளுக்குப் பிருகாக்கள் மிகையாகத் தோன்றலாம். இன்னொன்று, அவருடைய சுருதியைப் பற்றிய வியப்புகளில் சிறிது எச்சரிக்கை நல்லது. அக்காலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 82, 83 சுற்றில் ஓட்டிப் பிரதி எடுத்தால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்துவிடும். பிருகாக்களும் இயல்பைவிட விரைவாக ஒலிக்கும். நாம் இன்று கேட்கும் பிரதிகளில் எது கிட்டப்பாவின் வேகம், எது இயந்திரத்தின் வேகம் என்று பிரித்தறிய ஒரே பாட்டின் பல பிரதிகளை ஒப்பிட்டுக் கேட்கும் பொறுமை வேண்டும். புகழ்ச்சியைக் காட்டிலும் அந்த உழைப்பே அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளிவந்தது. அதன்பின் இரண்டாண்டுகள் உயிருடன் இருந்தும் கிட்டப்பா எந்தத் திரைப்படத்திலும் நடிக்கவில்லை. சுந்தராம்பாளை ‘நந்தனார்’ (1935), ‘ஔவையார்’ (1953) படங்களில் இன்றும் காண்கிறோம். ‘வள்ளி திருமண’ நாடகத்தில் கிட்டப்பா பாடிப் புகழ்பெற்ற ‘காயாத கானகத்தே’யை, அவர் வழியைப் பின்பற்றிய டி. ஆர். மகாலிங்கம் ‘ஸ்ரீ வள்ளி’ (1945) படத்தில் பாடியதையும் கேட்கிறோம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளியும் வேலனும் இன்னும் விடிய விடியத் தர்க்கம் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற அந்த மனிதருக்கு மட்டும் தட்டுகளைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. அரக்குத்தட்டோ கைதவறினால் உடைந்துவிடும் பொருள்.

எங்கள் மாலை முடியும் நேரத்தில் ‘எவரனி’யை மீண்டும் ஒருமுறை வைக்கச் சொன்னார் நண்பர். முதல் தடவை இரைச்சல்தான் அதிகம் கேட்டது என்று குறைப்பட்டுக்கொண்டவர் அவரே. இரண்டாம் தடவை அவர் இரைச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும், கொட்டகைக் கூட்டத்தைப்போல, இன்னொரு தடவை என்றார். நாங்களும் மறுக்கவில்லை.