துவரையும் பன்றி வாலும்

ஜமைக்காவில் ‘பீஸ்’ என்றால் பச்சைப் பட்டாணி இல்லை. ‘ரைஸ் அண்ட் பீஸ்’ கேட்டால், தேங்காய்ப்பாலில் ராஜ்மாவோடு வெந்த சோறுதான் தட்டில் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது இல்லாத வீடு அங்கே குறைவு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ராஜ்மா ஒதுங்கிக்கொள்ளும்; அந்த மாதங்களில் காய்க்கும் ‘கங்கோ பீஸ்’ பானைக்குள் வரும். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்முடைய துவரைதான் அது. சாம்பாருக்கு உடைத்துப் போடும் அதே துவரை, தோலோடு முழுசாக. இந்தியாவில் பயிராகி, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமை வாணிபத்தின் வழியே கரீபியத் தீவுகளுக்குப் போன பயிர். நம் ஆட்கள் கப்பலேறுவதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டது.

நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் அக்கா. இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டை எதுவும் வேண்டாம் என்று போன வருடம் சொல்லிவிட்டாள். பாட்டிக்கு அது புரியவே இல்லை. “நெய் விடாம பொங்கலா? யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?” என்று ஒரு மாதம் புலம்பினார். இரண்டு பேரும் சாப்பிடக்கூடிய ஒரு சோறு வேண்டும் என்றுதான் ஜமைக்காவின் சமையல் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். தேங்காய்ப்பால், பயறு, அரிசி. இதில் எடுத்துவிட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது. பழைய முறையில் சமைக்கும் பல வீடுகளில் பயறு வேகும்போதே உப்பிட்ட பன்றி வாலை வெட்டிப் போடுகிறார்கள், இல்லையென்றால் உப்பு மாட்டிறைச்சி. சோற்றுக்கு உப்பும் கொழுப்பும் அதிலிருந்துதான் இறங்குகிறது.

ஒரு வெப்பமண்டலத் தீவில் எதற்கு உப்பிட்ட இறைச்சி? 1655இல் ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்த ஆங்கிலேயர்கள் நல்ல நிலத்தையெல்லாம் கரும்புக்கே கொடுத்தார்கள். அடிமைகளுக்கான சாப்பாடு பீப்பாய்களில் வந்தது. அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிறைச்சி, வட அமெரிக்காவிலிருந்து உப்பு மீன். ஐரோப்பியச் சந்தையில் விலைபோகாத மட்டரக மீன் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியது. மீதி வயிற்றுக்கு அடிமைகளே வழிபார்த்துக்கொள்ள வேண்டும். கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளில் அவர்களுக்குத் துண்டு நிலம் விட்டார்கள். வள்ளிக்கிழங்கும் வாழையும் துவரையும் அங்கே விளைந்தன. மிஞ்சியதை ஞாயிற்றுச் சந்தையில் விற்றார்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பது அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது தெரிந்தது. வட அமெரிக்கக் கப்பல்கள் நின்றன. கூடவே புயல்கள், வறட்சி. 1780களில் பசியாலும் பசி கொண்டுவந்த நோயாலும் ஏறத்தாழ 15,000 அடிமைகள் இறந்ததாகத் தீவின் சட்டமன்றமே கணக்குச் சொன்னது. எண்ணிச் சொன்னது முதலாளிகள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, அந்தப் பானைக்குள் இரண்டு வரலாறு சேர்ந்து வேகிறது. துவரை, அடிமைகள் தாங்களே பயிரிட்டது. பன்றி வால், முதலாளி அளந்து கொடுத்த பங்கீட்டின் மிச்சம்.

அந்த வாலைப் பானையிலிருந்து வெளியே எடுத்தவர்கள் ராஸ்தஃபாரிகள். 1930இல் எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி, ஹைலே செலாசி என்ற பெயரில் முடிசூடியதும் ஜமைக்காவின் ஏழைக் கறுப்பர்களிடையே எழுந்த இயக்கம் அது. ‘வைட்டல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையைக் கிள்ளிவிட்டுத் தங்கள் உணவுக்கு ‘ஐட்டல்’ என்று பெயர் வைத்தார்கள். பன்றி கூடாது. பலருக்கு எந்த இறைச்சியும் கூடாது; சிலர் சின்ன மீன் மட்டும் சாப்பிடுவார்கள். கட்டுப்பாடானவர்கள் டின் உணவைத் தொடமாட்டார்கள், உப்பையும்தான். உப்பு தின்றதால்தான் உடம்பு கனத்து, ஆப்பிரிக்காவுக்குப் பறந்து போக முடியாமல் ஆனது என்ற நம்பிக்கை அந்தத் தீவுகளின் அடிமைகளிடம் ஏற்கெனவே இருந்தது. ‘வீகன்’ என்ற சொல்லை இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் உருவாக்கியது 1944இல். ஜமைக்காவின் குன்றுகளில் அதே காலகட்டத்தில் நடந்ததற்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. அவர்கள் மறுத்தது விலங்கை மட்டுமல்ல, பீப்பாயையும்.

இங்கே நாமும் வருகிறோம். 1838இல் அடிமைமுறை முழுதாக முடிந்ததும் ஆள் தேடிய முதலாளிகள் 1845 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். சுமார் 36,000 பேர், பெரும்பாலும் வட இந்தியர்கள். ராஸ்தஃபாரி முன்னோடி லெனர்ட் ஹோவெல் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயரில் ‘குரு’வும் ‘மராக்’கும் உண்டு, மராக் என்பது மகாராஜ். சடையும் கஞ்சாவும் புலால் மறுப்பும் இந்துத் தொழிலாளர்களிடமிருந்து போனவை என்று அஜய் மான்சிங், லட்சுமி மான்சிங் இருவரும் வாதிட்டிருக்கிறார்கள். ராஸ்தஃபாரிகளோ பைபிளின் நசரேய விரதத்தைக் காட்டுகிறார்கள். எதைப் பார்த்தாலும் ‘நம்மகிட்டேருந்து போனது’ என்று சொல்லும் ஆசை நமக்குக் கொஞ்சம் அதிகம். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் பார்க்கிறோமே. கஞ்சாவின் பெயர் நம் பக்கத்திலிருந்து போனது நிச்சயம். மற்றதற்கு அவர்கள் சொல்வதையும் கேட்கலாம்.

எனக்கு உறுத்தியது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வெல்லஸ்லி மாநிலக் கரும்புத் தோட்டங்களிலும் ஒப்பந்தக் கூலிகள் இருந்தார்கள். அவர்கள் தமிழர்கள். பிறகு ரப்பர் வந்தது, கங்காணி வந்தார். பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். “அரிசிய தோட்டத்துல அளந்து குடுப்பாங்க, சம்பளத்துல புடிச்சிக்குவாங்க. கருவாடு கடையில பற்று. சம்பளம் கைக்கு வர்றப்ப பாதி இருக்காது.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசும்போது முகம் மாறிவிடும். அம்மாவின் கை மணக்கும் என்பார்.

பங்கீட்டைத் துப்புவது ஒரு வழி. ஜமைக்காவே இன்னொரு வழியையும் காட்டுகிறது: அந்த மட்டரக உப்பு மீனை ஆக்கிப் பழத்தோடு வதக்கி, அதையே தேசிய உணவாக்கிக்கொண்டது. அக்கா செய்வது சரி, பாட்டிக்கு விவரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

முழுத் துவரையை இராத்திரியே ஊறவைத்தேன். பூண்டும் ஆல்ஸ்பைஸ் மணிகளும் போட்டு வேகவைத்துத் தண்ணீர் கறுத்து வந்ததும் வெங்காயத்தாள், தைம், பசாரில் பிழிந்து வாங்கிய கெட்டித் தேங்காய்ப்பால். ஸ்காட்ச் பானட் மிளகாய் இங்கே கிடைக்கவில்லை. சிலி பாடியைக் கீறாமல் முழுசாகப் போட்டேன், உடைந்தால் காரம் தாங்காது. பிறகு அரிசி. வாலுக்குப் பதிலாகப் புகைமணம் சேர்க்கும் தூள், சோயா எல்லாம் சிலர் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எடுத்ததை ஏன் வேஷம் போட்டு மறுபடி கொண்டுவர வேண்டும்? பாலைத்தான் கூட்டினேன். உப்பு போட்டேன். அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது.

பாட்டி முதல் வாயிலேயே, “தொவரயா? தேங்காப்பால்லயா?” என்றார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். அக்காவுக்குச் சந்தோஷம், கைப்பேசியில் படமெல்லாம் எடுத்தாள். பாட்டி மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கச் சுட்ட கருவாட்டு வாசம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, பாட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.