இத்தாலிய இனச் சட்டங்களும் கால்பந்தும்

யூதர்களை விளையாட்டிலிருந்து விலக்க 1938-இல் இத்தாலியின் பாசிச அரசுக்குத் தனியாக ஒரு விளையாட்டுச் சட்டம் தேவைப்படவில்லை. செப்டம்பர் 5 ஆணை யூத மாணவர்களையும் ஆசிரியர்களையும் பள்ளிகளிலிருந்து நீக்கியது. 1919-க்குப் பின் குடியேறிய அயல்நாட்டு யூதர்கள் ஆறு மாதத்தில் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றது அதற்கு இரண்டு நாள் கழித்து வந்த ஆணை. நவம்பர் 17 சட்டம் அரசுப் பணி, ராணுவம், பாசிசக் கட்சி ஆகிய மூன்றிலும் யூதர்களுக்கு இடமில்லை என்றது. நாட்டின் ஒலிம்பிக் குழுவே கட்சியின் கைக்குள் இருந்த காலம் அது; கட்சியில் இடமில்லாதவருக்கு விளையாட்டிலும் இடமில்லை. ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் இருந்த ஒரு சிறு சமூகத்தின் மீது இத்தனையும் ஏவப்பட்டது.

கால்பந்தில் முதல் அடி பயிற்சியாளர்கள் மீது விழுந்தது. 1926-இல் அயல்நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தபோதும் பயிற்சியாளர்களுக்குத் தடை இல்லை. ஹங்கேரியர் பலர் இத்தாலிய அணிகளைப் பயிற்றுவித்தனர். அவர்களுள் தலையாயவர் யூதரான ஆர்ப்பாத் வைஸ். கோட்டும் தொப்பியுமாக ஓரத்தில் நிற்காமல், அரைக்கால் சட்டையில் ஆட்டக்காரர்களோடு தானும் மைதானத்தில் இறங்கிப் பயிற்சி தந்தவர். 17 வயது ஜுசெப்பே மெயாட்சாவை இன்டர் மிலான் அணியில் இறக்கியவரும் அவரே. 1930-இல், 34 வயதில், அந்த அணிக்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தார். பிறகு 1936, 1937 என அடுத்தடுத்து இரு பட்டங்கள் பொலோஞாவுக்கு. 1937-இல் பாரிஸ் கண்காட்சிப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவருடைய அணி இங்கிலாந்தின் செல்சியை 4-1 என வீழ்த்தியது.

இத்தனை சாதித்தவரையும் அயல்நாட்டு யூதர்களை வெளியேற்றிய அந்தச் செப்டம்பர் ஆணை விட்டுவைக்கவில்லை. 1938 அக்டோபரில் பொலோஞா அணியின் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது. 1939 ஜனவரியில் மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வைஸ் பாரிசுக்குப் போனார்; அங்கிருந்து நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகருக்குச் சென்று, ஒரு சிறு அணிக்குப் பயிற்சியாளரானார். ஜெர்மானியர் அந்நாட்டைப் பிடித்தபின், 1941 செப்டம்பரில் யூதர்கள் மைதானங்களுக்குள் நுழையவும் தடை வந்தது. 1942 ஆகஸ்டில் குடும்பம் முழுவதும் கைதானது. அக்டோபரில் மனைவியும் குழந்தைகளும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். உழைப்பு முகாமுக்கெனப் பிரிக்கப்பட்ட வைஸ் 1944 ஜனவரி 31 அன்று ஆஷ்விட்ஸில் இறந்தார்.

இத்தாலியிலேயே பிறந்தவர்களுக்கும் இதே கதிதான். கசாலே கால்பந்துக் கழகத்தை 1909-இல் தொடங்கிய பள்ளி ஆசிரியர் ரஃபாயேலே யாஃபே அதை 1914-இல் நாட்டின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர். கத்தோலிக்கராக மதம் மாறியும் அவருக்குப் பாதுகாப்பு கிட்டவில்லை; இனச் சட்டத்துக்குப் பிறப்பு ஒன்றே கணக்கு. 1944-இல் அவரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். டொரினோ அணியிலிருந்து 1939-இல் விலக நேர்ந்த மற்றொரு ஹங்கேரிய யூதப் பயிற்சியாளர் எர்னோ எக்ரி எர்ப்ஸ்டைன் உயிர் தப்பியது அபூர்வம். போருக்குப் பின் அதே அணிக்குத் திரும்பி, 1949-இல் சுப்பெர்கா விமான விபத்தில் தன் ஆட்டக்காரர்களோடு இறந்தார்.

மூன்று பட்டங்கள் வென்ற வைஸை இத்தாலியக் கால்பந்து பல பத்தாண்டுகள் மறந்தே போயிருந்தது. அரசின் ஆணையை விடவும் மன்னிக்கக் கடினமானது இந்த மறதி. பத்திரிகையாளர் மத்தேயோ மரானி ஆவணங்களைத் தேடித் திரட்டி 2007-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 2009-இல் பொலோஞா மைதானத்தில் வைஸுக்கு நினைவுப் பலகை வைக்கப்பட்டது.