முதலில் மூச்சு, பிறகு எலும்பு

குறைமாதக் குழந்தைகளின் மருத்துவ வரலாற்றில் நம்முடைய ஆக்லாந்துக்குப் பெரிய இடம் உண்டு. பள்ளியில் ரதர்ஃபோர்டைப் பற்றியும் ஹிலரியைப் பற்றியும் படித்தேன். லிக்கின்ஸ், ஹவி என்ற பெயர்களை யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கிரஹாம் லிக்கின்ஸ், கிரீன்லேனில் இருந்த நேஷனல் விமென்ஸ் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர். பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்தபின் மிக முன்கூட்டியே பிறந்த ஒரு குட்டி, இறந்துபோகும் என்று நினைத்த பருவத்திலும் மூச்சு விட்டது. அதன் நுரையீரல் வேகமாக முதிர்ந்திருந்தது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியுடன் சேர்ந்து, 1969 இறுதியில் கர்ப்பிணித் தாய்மாருக்கு அந்த ஊசியைப் போட்டுப் பரிசோதிக்கத் தொடங்கினார். 282 தாய்மாரைப் பற்றிய முடிவு 1972இல் வெளிவந்தது. எதிர்பாராமல் முன்கூட்டியே பிரசவித்தவர்களில், ஊசி பெறாத தாய்மாரின் குழந்தைகளில் 15 சதவீதம் பிறந்த சில நாட்களில் இறந்தன. ஊசி பெற்றவர்களிடம் அது 3.2 சதவீதம்தான். ஆனாலும் உலகம் இதைப் பரவலாக ஏற்க 1990கள் ஆகிவிட்டன.

ஊசியோடு மூச்சுக் கருவிகளும் முன்னேற, மிகச் சிறிய குழந்தைகளும் பிழைத்தார்கள். அப்போதுதான் அடுத்த சிக்கல் கண்ணில் பட்டது. எக்ஸ்ரேயில் அவர்களின் எலும்புகள் மெலிந்து தெரிந்தன. சிலருக்கு விலா எலும்பே முறிந்திருந்தது.

காரணம் எளிது. பிறக்கும்போது குழந்தையிடம் இருக்கும் கால்சியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து போய்ச் சேருகிறது. 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த மாதங்களே கிடைக்கவில்லை.

வைட்டமின் டி குறைந்தால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் வரும் என்பது 1920களிலேயே தெரியும். அதற்கு மீன் எண்ணெய் கொடுத்தார்கள். அதனால் இங்கும் டியைக் கூட்டினால் போதும் என்று தோன்றலாம். ஆனால் 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகச் சிறிய குழந்தைகளுக்கு நாளுக்கு 400 அலகு கொடுத்தாலும் 2000 அலகு கொடுத்தாலும் எலும்பில் வித்தியாசம் தெரியவில்லை. வைட்டமின் டி, வாசலில் இறக்கிய கல்லை வீட்டுக்குள் தூக்கி வருபவர் மாதிரி. கல்லே வராவிட்டால் அவர் என்ன செய்வார்? அதனால்தான் இன்று மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தோடு, தாய்ப்பாலில் கால்சியமும் பாஸ்பரஸும் உள்ள தூளையும் கலக்கிறார்கள்.

என் மச்சாள் 29 வாரத்தில் பிறந்தவள். "பிள்ளையை வெயிலில் காட்டினால் போதாதா?" என்று அம்மம்மா தொலைபேசியில் கேட்டாராம். யாழ்ப்பாண வெயிலை வைத்துக் கேட்ட நியாயமான கேள்விதான். ஆனால் இன்குபேட்டருக்குள் வெயில் இல்லை. நம் கருமையான தோல் டியை மெதுவாகவே உண்டாக்கும். ஆக்லாந்துக் குளிர்காலத்தில் தாயிடம் டி குறைந்தால், குழந்தையும் குறைவோடுதான் பிறக்கும். 1998இலும் இந்த நகரத்துப் பிள்ளைகளிடம் ரிக்கெட்ஸ் இருந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2014இல் கேமரன் கிராண்ட் குழுவினர், 260 கர்ப்பிணிகளோடு இங்கேயே நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள்: கர்ப்பத்தில் தாயும், பிறந்தபின் குழந்தையும் டி எடுத்துக்கொண்டால் குழந்தையின் இரத்தத்தில் அதன் அளவு உயர்கிறது.

நீங்களும் குறைமாதத்தில் பிறந்தவரா? எத்தனையாவது வாரம், என்னென்ன கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்தப் பழைய ப்ளங்கெட் புத்தகத்தையும் தேடி எடுங்கள். இந்த வரலாற்றில் உங்கள் பக்கம் அதில்தான் இருக்கிறது.