எருதின் புண்ணும் கல்கத்தாவின் சட்டமும்

‘எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா’ என்று நம் ஊரில் சொல்வதுண்டு. பிறர் நோவை உணராதவரைச் சுட்டவே இதைப் பயன்படுத்துகிறோம். எனினும் அப்பழமொழிக்கு அடியில் இருப்பது கண்ணால் கண்ட காட்சி: நுகத்தடி அழுத்திய கழுத்து, வெடித்த தோல், அதைக் கொத்த வந்தமரும் காக்கை. கல்கத்தாவின் கால்நடை மருத்துவ வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கழுத்துப்புண் திரும்பத் திரும்ப என் முன் வந்து நின்றது. அந்நகரில் அது மருத்துவக் கல்லூரியின் பாடமாவதற்கு முன்பே நீதிமன்றத்தின் பொருளாகிவிட்டது என்பதே இப்பதிவில் நான் சொல்ல விரும்புவது.

ஆண்டுகளைப் பாருங்கள். விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை ஓவியர் கோல்ஸ்வர்தி கிராண்ட் கல்கத்தாவில் தொடங்கியது 1861-இல். இந்தியாவில் இவ்வகைச் சங்கங்களுள் முதலாவது அது. 1869-இல் வங்காளத்துக்கென விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பெல்காச்சியாவில் வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதோ 1893-இல்தான். புண்ணை ஆற்றக் கற்றுத்தரும் இடம் வருவதற்கு ஒரு தலைமுறை முன்பே, புண்பட்ட மாட்டை ஓட்டுபவனைத் தண்டிக்கும் வழி பிறந்துவிட்டது. (கிராண்டின் நினைவுத்தூண் ரைட்டர்ஸ் கட்டடத்துக்கு அருகில் இன்றும் நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் போவோரில் அதை நிமிர்ந்து பார்ப்பவர் அரிது.)

1890-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் நோய், தளர்ச்சி, காயம், புண் ஆகியவற்றால் வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்கியது. நூறு ரூபாய் வரை அபராதம். அத்தகைய விலங்கை மருத்துவமனையில் நிறுத்திவைக்கவும் அச்சட்டம் இடம் தந்தது. மறுபடி வேலைக்குத் தகுதி பெறும்வரை அது அங்கே இருக்க வேண்டும். சிகிச்சைக்கும் தீவனத்துக்கும் ஆகும் செலவு மாட்டுக்காரன் தலையில். வண்டியோட்டி ஒருவனுக்கு இதன் பொருள் என்ன? கூலி நின்ற நாட்களிலேயே செலவும் ஏறும்.

அந்தப் புண் ஆறுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. நுகத்தடிப் புண் கத்தியால் வெட்டிய காயம் போன்றதன்று. மரத்துக்கும் உடலுக்கும் இடையில் நசுங்கும் தோலில் நுண்குழாய்கள் அடைபட்டு இரத்த ஓட்டம் நிற்கிறது. மாலையில் நுகத்தை இறக்கியதும் இரத்தம் பாய்ந்து அவ்விடம் வீங்குகிறது. மறுநாள் காலை அந்த வீக்கத்தின் மீதே நுகம் ஏறுகிறது. இப்படியே தோல் செத்துக் கழன்று விழும். அழுத்தம் நின்றால் உடல் தன் வேலையைத் தொடங்கும்: முதலில் அழற்சி, சில நாட்களில் குருணை போன்ற செந்நிறப் புதுத்திசு, பிறகு விளிம்புகள் சுருங்கி நெருங்குதல், ஓரங்களிலிருந்து மேல்தோல் மெல்ல ஊர்ந்து மூடுதல். வேப்பெண்ணெயோ டர்பன்டைனோ ஈயையும் புழுவையும் விலக்க உதவலாம். ஓய்வுக்கு அவை ஈடாகா.

இன்னொன்றும் உண்டு. புண் மூடிவிட்டது என்பதற்கும் தோல் தேறிவிட்டது என்பதற்கும் தொலைவு அதிகம். ஆய்வக விலங்குகளில் அளந்தபோது, மூன்று வாரத் தழும்பின் இழுவலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. பல மாதங்கள் கழிந்தாலும் அது நூற்றுக்கு எண்பதைத் தாண்டுவதில்லை. ஆகவே ‘தகுதி பெற்றது’ என்று அனுப்பப்படும் மாடு, மீண்டும் கிழியக்கூடிய கழுத்துடனேயே நுகத்தடிக்குத் திரும்புகிறது. இவ்வகையில் திரும்பத் திரும்பப் பிடிபடும் மாட்டைப் பார்த்து, அதை ஓட்டுபவனின் கல்நெஞ்சுக்குச் சான்றாகக் கொள்வது எளிது. நான் அப்படிக் கொள்ளத் தயங்குகிறேன்.

இந்த முரண் தெருவுக்கு வந்தது 1930 ஏப்ரலில். வெயில் மாதங்களில் நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையே சரக்கு வண்டிகள் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்துக் கல்கத்தாவின் வண்டியோட்டிகள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களைத் திரட்டியவர்களுள் அப்துல் மோமின் குறிப்பிடத்தக்கவர். வண்டிகளையே சாலைக்குக் குறுக்கே நிறுத்தித் தடுப்பு அமைத்தார்கள். காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. தொழிலாளர் வரலாற்று நூல்களில் இது இடம்பெறுகிறது. எருமைக்கு நண்பகல் ஓய்வு தேவை என்பது உண்மை. அந்த மூன்று மணி நேரக் கூலியை யார் தருவது என்பதற்கு விடை இல்லாமலிருந்ததும் உண்மை. கருணையின் வரலாற்றை எழுதுவோர் முன்னதையும் உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் பின்னதையும் எடுத்துக்கொண்டு பிரிந்துவிட்டனர்.

புண்ணின் காரணம் குறித்தும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாட்டின் திமிலில் தோன்றி நாள்பட ஆறாத ஒருவகைப் புண் அசாமிலும் வங்காளத்திலும் நெடுங்காலமாக உண்டு. அதை உண்டாக்கும் நுண்ணிய உருண்டைப்புழுவை, ஸ்டெபனோஃபைலேரியா அசாமென்சிஸ் என்ற பெயரில், பாண்டே 1936-இல் விவரித்தார். ஈக்கள் அதைப் பரப்புகின்றன. நுகத்தடி காணாத பசுவுக்கும் அது வரலாம். ஆனால் தெருவில் நின்று பார்க்கும் கண்காணிப்பாளருக்குத் திமில் புண்ணும் நுகத்தடிப் புண்ணும் ஒரே கொடுமையின் அடையாளமாகவே தெரிந்திருக்கும். சட்டத்தின் மொழியில் புண் என்பது ஒரே சொல்.

விடுதலைக்குப் பின் 1960-இல் நாடு முழுமைக்குமான புதிய சட்டம் வந்தது. அதிலும் காயமும் புண்ணும் அதே வரிசையில் தொடர்கின்றன. இழுவை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள், வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை விலங்குகளை வண்டியில் பூட்டக்கூடாது என்கின்றன. கல்கத்தாவில் வண்டிகள் குறுக்கே நின்றதும் அதே மூன்று மணி நேரத்துக்காகத்தான்.